‘கிடி’க்கு முழு மீனிங்

எனக்குக் கோபம் மூக்கு நுனியில் இருக்கும். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பாதிக் கதையில் "இன்னாம்மா இப்படிப் பேசிட்டே" என்று யாரும் கேட்கக் கூடாது. சிரிப்பும் அதே இடத்தில்தான் குடியிருக்கிறது. எது முந்தும் என்று எனக்கே தெரியாது. 1998 ஆடி மாதத்தில் இரண்டும் ஒன்றாக வந்து என் வேலைக்கு உலை வைத்தன.

அப்போது நான் திருவண்ணாமலையில் ஒரு மெட்ரிகுலேஷன் பள்ளியில் ஆறாம் வகுப்பு இங்கிலீஷ் டீச்சர். பள்ளியின் பெயரைக் கேட்காதீர்கள். கீழ்பென்னாத்தூர் பக்கத்துக் கிராமத்திலிருந்து தினமும் பஸ்ஸில் வந்து போவேன். எங்கள் வீட்டில் மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை, பிடுங்காமல் மாதச் சம்பளம் வாங்கிய முதல் ஆள் சந்திரகலாவாகிய நான்தான். இரண்டு வருடம் தற்காலிகமாக வைத்துப் பார்ப்பார்கள். பிடித்தால் பெர்மனென்ட் ஆர்டர், பிடிக்காவிட்டால் வீட்டுக்குப் போக வேண்டியதுதான். என் இரண்டு வருடம் அந்த ஆகஸ்டோடு முடிகிறது. எனக்கு இருந்த கவலையைவிட என் அம்மா ஆராயிக்கு இருந்த கவலை ஜாஸ்தி. ஊர் மாரியம்மனிடம் போய், ஆடி வெள்ளிக்கு என் மகளே கூழ்க்குடம் தூக்குவாள் என்று என்னைக் கேட்காமலேயே வேண்டிக்கொண்டு வந்துவிட்டாள்.

"வேண்டிக்கினது நீ, தூக்கறது நானா?" என்று கத்தினேன்.

"வேலை எனக்கா, உனக்கா?" என்றாள் அம்மா, முறத்திலிருந்து கண்ணை எடுக்காமல்.

குடம் தூக்குவது பெரிய விஷயமில்லை. லீவு வாங்குவதுதான் விஷயம்.

எங்கள் கரஸ்பாண்டென்ட் ஆதிமூலம் சார் டெல்லியில் ஏதோ ஒரு பெரிய ஆபீசில் இருந்து ரிட்டயராகி வந்தவர். சாமி சம்பந்தமாக லீவு கிடையாது என்பது அவருடைய சட்டம். இந்த ஊரில் அதற்கு லீவு கொடுக்க ஆரம்பித்தால் பள்ளிக்கூடத்தை மலை உச்சிக்கு மாற்ற வேண்டியதுதான் என்பார். பள்ளிக்குள் ஒரு தமிழ்ச் சொல் அவர் வாயிலிருந்து வந்து யாரும் கேட்டதில்லை. யாராவது ஓர் இங்கிலீஷ் வார்த்தையைத் தப்பாகச் சொன்னால் போதும், "மீனிங் ப்ளீஸ்" என்று விரலை நீட்டுவார். தெரியாமல் விழித்தால், அர்த்தத்தை நாலு கோடு நோட்டில் நூறு தடவை எழுதிக் காட்ட வேண்டும். பசங்களுக்கு இல்லை, டீச்சர்களுக்கு! பேரன் எடுத்த கணக்கு சாரே மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் நாலு கோடு நோட்டோடு உட்கார்ந்திருப்பதைப் பார்த்திருக்கிறேன். கரஸ்பாண்டென்ட் அறைக் கண்ணாடி பீரோவில் தலையணை கனத்தில் ஒரு டிக்ஷனரி இருந்தது. ஆயுத பூஜைக்கு அதற்குச் சந்தனம் குங்குமம் வைப்பார். திறந்து யாரும் பார்த்ததில்லை.

அதனால் ஸ்டாஃப் ரூமில் எல்லாருக்கும் நோய்தான். ரேணுகாம்பாள் டீச்சர் என் பக்கத்து நாற்காலி, சயின்ஸ். நோய்களை அவர்தான் எங்களுக்கு வகுத்துக் கொடுத்திருந்தார்.

"காய்ச்சல்னா தொட்டுப் பாப்பாங்க. வயித்துப்போக்குனு எழுதினா மானம் போவும். கிடினெஸ்னு எழுது. தலை சுத்துதுனு சொன்னா எவன் உள்ள பூந்து பாக்கப் போறான்?"

அந்த ஆடி வெள்ளிக் காலையில் பஸ் ஸ்டாண்டில் நின்று லீவ் லெட்டர் எழுதினேன். ‘சஃபரிங் ஃப்ரம் கிடினெஸ்’ என்று முறையாக எழுத நேரமில்லை. ‘டியர் சார், ஐ ஆம் கிடி டுடே, கைண்ட்லி கிராண்ட் மீ லீவ்’ என்று முடித்து, பள்ளிக்குப் போகும் ஒரு பையன் கையில் கொடுத்துவிட்டு அடுத்த பஸ்ஸில் ஊருக்கே திரும்பினேன்.

கோயில் முன்னால் பம்பை அடித்துக்கொண்டிருந்தார்கள். மஞ்சள் புடவை, இடுப்பில் வேப்பிலை, தலையில் கூழ்க்குடம். எம்.ஏ. படித்துவிட்டு இது என்ன கோலம் என்று உள்ளே பொருமிக்கொண்டுதான் நின்றேன். மற்றவர்களுக்குச் சாமி வந்தபோதெல்லாம் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தவள் நான். பம்பை வேகம் ஏறியது. குதிகாலில் ஏதோ குறுகுறுத்தது. அது கெண்டைக்காலுக்கு ஏறி, முதுகுக்கு ஏறி, குடத்தை யாரோ வாங்கிக்கொண்டது வரை தெரியும். அப்புறம் சிரிப்பு. அடக்க முடியாத சிரிப்பு. மலையே என்னோடு சேர்ந்து குலுங்குகிற மாதிரி ஒரு சந்தோஷம். அதற்கு மேல் எனக்கு ஒன்றும் நினைவில்லை. மற்றதெல்லாம் பிறர் சொல்லிக் கேட்டதுதான்.

ஒரு மணி நேரம் ஆடினேனாம். அம்மா கற்பூரம் ஏற்றி, "ஆத்தா, இன்னா வேணும், வாயைத் தொறந்து சொல்லு தாயே" என்று அழுதிருக்கிறாள். நான் வாயைத் திறந்து, "சைலன்ஸ்!" என்றேனாம். பம்பை நின்றுவிட்டது. "சிட் டவுன்!" என்றேனாம். ஊரே தரையில் உட்கார்ந்துவிட்டது. வேட்டி அழுக்காகுமே என்று யோசித்து நின்ற பஞ்சாயத்துத் தலைவரைப் பார்த்து, "யூ! ஸ்டாண்ட் அப் ஆன் தி பெஞ்ச்!" என்று ஆத்தா உத்தரவு போட, பெஞ்சுக்கு எங்கே போவது என்று தெரியாமல் மனிதர் மாட்டு வண்டி மேல் ஏறி நின்றாராம்.

"ஆத்தா இங்கிலீஷ்லயே பேசுனா டீ!" என்று அம்மா இரண்டு நாள் தெருத் தெருவாகச் சொல்லிக்கொண்டு திரிந்தாள். அவள் முகத்தில் அப்படி ஒரு பெருமையை நான் எம்.ஏ. பாஸ் செய்த அன்றுகூடப் பார்க்கவில்லை.

அம்மா மட்டும் சொல்லியிருந்தால் பரவாயில்லை. திங்கட்கிழமைப் பேப்பரில், எட்டாம் பக்கத்தில், தலைவிரி கோலமாக, கை நிறைய வேப்பிலையோடு நான். மேலே கொட்டை எழுத்தில் ‘ஆங்கிலத்தில் அருள்வாக்கு! பக்தர்கள் பரவசம்’. வசமாக மாட்டிக்கொண்டேன்.

முதல் பீரியட் முடிவதற்குள் ஆபீஸ் கிளார்க் இருசப்பன் மெமோவோடு வந்து நின்றார். "டீச்சர், தப்பா நெனைக்காதீங்க. போட்டோ நல்லாத்தான் வந்திருக்கு" என்று ஆறுதல் சொல்லிவிட்டுக் கொடுத்தார்.

மெமோவில் இருந்தது இதுதான். பொய்யான காரணம் காட்டி லீவு எடுத்ததாகத் தெரிகிறது. வியாழக்கிழமை மாலை நான்கு மணிக்கு விசாரணை. பெர்மனென்ட் ஆர்டர் அதுவரை நிறுத்தி வைக்கப்படுகிறது. வரும்போது கிடி என்ற சொல்லின் முழு மீனிங்கையும் எழுதிக் கொண்டுவரவும்.

‘முழு’ என்பதற்குக் கீழே சிவப்புக் கோடு. அந்தக் கோட்டைப் பார்த்ததும் எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. வேலை போகிறது, அதற்கு முன்னால் இம்போசிஷன் வேறா? முழு மீனிங்தானே வேண்டும்? திருவண்ணாமலையிலேயே தடிமனான டிக்ஷனரியைத் தேடிப் பிடித்து, ஓர் எழுத்து விடாமல் எழுதி அவர் மேஜையில் போட்டுவிட்டுத்தான் வீட்டுக்குப் போவேன் என்று சபதம் எடுத்தேன்.

செவ்வாய் சாயந்திரம் செங்கம் ரோட்டுக்குப் போனேன். ரமணாசிரமம் பக்கம் வந்து தங்கும் வெள்ளைக்காரர்கள் ஊருக்குத் திரும்பும்போது பெட்டி கனக்கிறது என்று புத்தகங்களை விட்டுவிட்டுப் போவார்கள். அதையெல்லாம் நடராஜ் என்பவர் ஒரு கடையில் அடுக்கி வைத்திருந்தார்.

"பெரிய டிக்ஷனரி இருக்கா?"

"இருக்குது மேடம். ஆனா அது வேலை செஞ்சிட்டிருக்குது" என்றார் நடராஜ்.

உண்மைதான். கால் உடைந்த ஓர் அலமாரியைத் தாங்கிக்கொண்டு தரையில் கிடந்தது. நான் விடவில்லை. கடைசியில், டீ குடிக்க வந்த நெட்டை வெள்ளைக்காரர் ஒருவர் அலமாரியைத் தோளில் முட்டுக் கொடுத்து நிற்க, நடராஜ் டிக்ஷனரியை உருவிக் கொடுத்தார். "சீக்கிரம் மேடம், அந்தாளு தியானத்துக்குப் போவணுமாம்."

மண்டி போட்டு உட்கார்ந்து மெமோவின் முதுகிலேயே எழுதினேன். கிடி: தலை சுற்றுகிற. அடுத்து, நிலையற்ற, விளையாட்டுப் புத்தியுள்ள. அடுத்து, மிதமிஞ்சிய மகிழ்ச்சியில் தள்ளாடுகிற. எல்லாம் தெரிந்ததுதான். கடைசியில் எறும்பு மாதிரிப் பொடி எழுத்தில் அந்தச் சொல் பிறந்த கதை போட்டிருந்தது. ஆயிரம் வருடத்துக்கு முந்தைய இங்கிலீஷில் அது ‘கிடிக்’ என்பது போல இருந்ததாம். பித்துப் பிடித்தவர் என்று பொருளாம். அதற்கும் முன்னால் போனால், கடவுளைக் குறிக்கும் காட் என்கிற சொல் எந்த வேரில் பிறந்ததோ அதே வேரில் பிறந்ததாம். முதல் பொருள்: தெய்வத்தால் பிடிக்கப்பட்ட.

மறுபடி படித்தேன். தெய்வத்தால் பிடிக்கப்பட்ட! அருள் வந்த! சாமி ஏறிய! அடி ஆத்தா, நான் பொய்யே எழுதவில்லையடி!

நான் போட்ட கூச்சலில் வெள்ளைக்காரர் தோளை நகர்த்திவிட, அலமாரியிலிருந்து முப்பது புத்தகம் என் தலையில் விழுந்தது. வலிக்கவே இல்லை. சிரித்துக்கொண்டே எழுந்தேன். நடராஜ் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்து, "தண்ணி குடிக்கறீங்களா மேடம்?" என்றார்.

வியாழக்கிழமை நான்கு மணி. கரஸ்பாண்டென்ட் நடுவில். ஓரத்து மேஜையில் மினிட்ஸ் எழுத இருசப்பன். கரஸ்பாண்டென்ட்டுக்குப் பக்கத்தில் பள்ளியின் செக்ரட்டரி ராணியம்மாள், அவர் மனைவி. டிரஸ்ட் பதிவு செய்தபோது ஒரு பெயர் வேண்டும் என்று அந்த அம்மாவைச் செக்ரட்டரியாகப் போட்டார்கள். சட்டப்படி ஆர்டர் கொடுக்கும் கையெழுத்து அவருடையதுதான். கணவர் பென்சிலால் புள்ளி வைத்த இடத்தில் தமிழில் கையெழுத்துப் போடுவார். வேறு ஒன்றும் பேசி நாங்கள் கேட்டதில்லை.

கரஸ்பாண்டென்ட் பேசியதெல்லாம் இங்கிலீஷ். உங்களுக்காகத் தமிழில் சொல்கிறேன்.

"இந்தப் படத்தில் இருப்பது நீதானே?" என்று பேப்பரைத் தட்டினார்.

"நான்தான் சார்."

"நீ பேசிய வாக்கியங்கள்?"

சொன்னேன். "ஸ்டாண்ட் அப் ஆன் தி பெஞ்ச்" என்று வந்ததும் அவர் கொஞ்சம் தலையாட்டினார். "இலக்கணம் சரியாகத்தான் இருக்கிறது" என்று முணுமுணுத்துவிட்டு, உடனே முகத்தைக் கடுமையாக்கிக்கொண்டார். "ஆனால் லெட்டர் பொய். மீனிங் ப்ளீஸ்."

மெமோவைத் திருப்பி வைத்துக் கடைசி வரியிலிருந்து ஆரம்பித்தேன். "தெய்வத்தால் பிடிக்கப்பட்ட. அதுதான் சார் அந்தச் சொல்லுக்கு முதல் அர்த்தம். அன்னைக்கு எனக்குச் சாமி வந்துச்சு. ஐ ஆம் கிடினு எழுதினேன். இதுல பொய் எங்க இருக்கு?"

"நான்சென்ஸ்!"

"உங்க டிக்ஷனரியையே பாருங்க சார்."

இருசப்பன் பேனாவைக் கீழே வைத்துவிட்டார். கரஸ்பாண்டென்ட் எழுந்து, பூணூலில் கட்டிய சாவி மாதிரி பத்திரமாக வைத்திருந்த பீரோ சாவியைத் தேடி எடுத்து, டிக்ஷனரியை இரண்டு கையாலும் தூக்கி வந்தார். அட்டையைத் திறந்ததும் புத்தகத்தின் முதுகு படீரென்று சத்தம் போட்டது. பழைய குங்குமம் பொலபொலவென்று மேஜையில் உதிர்ந்தது. ‘ஜி’ எழுத்துப் பக்கங்கள் ஒட்டிக்கொண்டிருந்தன. கிழியாமல் பிரிக்க அவருக்கு ஐந்து நிமிடம் ஆனது.

"இதோ. கிட். ஆடுகளின் மூளையில் வரும் நோய். நோய் வந்த ஆடு ஒரே இடத்தைச் சுற்றிச் சுற்றி வரும்" என்று வெற்றியோடு வாசித்தார். "இதிலிருந்து வந்ததா உன் தெய்வம்?"

"அந்தச் சொல் கிடியிலேருந்து பின்னாடி வந்தது சார், அடுத்த சொல்லைப் பாருங்க. ஆனா சுத்திச் சுத்தி வர்றதுதான் கிடின்னா, பௌர்ணமிக்குப் பௌர்ணமி இந்த ஊர்ல லட்சம் பேரு கிடிதான்!"

இருசப்பன் பக்கத்திலிருந்து ஒரு தும்மல் மாதிரி சத்தம் வந்தது. அது சிரிப்பு என்று எனக்குத் தெரியும். கரஸ்பாண்டென்ட் விரலை இறக்கிக்கொண்டே வந்தார். விரல் நின்றது. கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடி பார்த்தார். அவர் முகத்தில் ஈ ஆடவில்லை. அவர் சந்தனம் வைத்துக் கும்பிட்ட புத்தகமே சொல்லிவிட்டது.

ஆனால் அவரும் லேசுப்பட்ட ஆள் இல்லை. ஒரு வெள்ளைத் தாளை என் பக்கம் தள்ளினார்.

"சொல்லை ஒப்புக்கொள்கிறேன். ஒரே கேள்விதான் பாக்கி. உண்மையிலேயே வந்ததா, நடித்தாயா? வந்தது என்றால் நிரூபிக்க வேண்டும். உன்னால் முடியாது. அதனால், ‘நான் நடித்தேன், மன்னிக்கவும்’ என்று ஒரு வரி எழுதிக் கொடு. இன்றைக்கே உனக்கு ஆர்டர். என்னை இரக்கமில்லாதவன் என்று நீ சொல்லக் கூடாது."

ஆர்டர் அங்கேயே, அவர் கைக்கெட்டும் தூரத்தில் ஃபைலில் இருந்தது. டைப் அடித்த என் பெயர் தெரிந்தது. ஒரே ஒரு வரி. எழுதிவிட்டால் அம்மா மல்லாட்டைக் காட்டில் குனிய வேண்டாம். யாருக்குத் தெரியப் போகிறது? பேனாவை எடுத்து ‘ஐ வாஸ்’ என்று எழுதினேன். அடுத்த வார்த்தை வரவில்லை. அன்றைக்குக் குதிகாலில் ஏறிய அந்தச் சந்தோஷம் நினைவுக்கு வந்தது. அது ஆத்தாவா, பம்பையா, வெறும் வயிறா, எனக்குத் தெரியாது. ஆனால் நடிப்பில்லை. என் இருபத்தேழு வயதில் நான் நடிக்காமல் இருந்த ஒரு மணி நேரம் அதுதான். அதைப் போய் நடிப்பு என்று எழுத என் கை வருமா?

‘ஐ வாஸ் கிடி’ என்று எழுதி, முற்றுப்புள்ளி வைத்து, தாளைத் திருப்பித் தள்ளினேன். கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. கோபத்தில்தான்.

"என்னால நிரூபிக்க முடியாது சார். ஆனா பாருங்க, லெட்டர்ல சஃபரிங்னு நான் எழுதல. நான் கஷ்டப்படல சார். அவ்ளோ சந்தோஷமா நான் இருந்ததே இல்ல. வேலை போனாப் போவட்டும்."

"அப்படியானால் ஆர்டர் கிடையாது" என்று அவர் ஃபைலை மூடினார். "இருசப்பன், எழுது."

"ஏம்மா." ராணியம்மாள் குரல். முதலில் யார் பேசுவது என்றே எங்களுக்குப் புரியவில்லை. "அவ்ளோ சந்தோஷமாவா இருந்துச்சு?"

"ஆமாம்மா."

"குதிகால்லேருந்து ஏறிச்சா?"

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. குதிகாலைப் பற்றி நான் யாரிடமும் சொல்லவில்லை.

"எனக்கும் அங்கேருந்துதான் ஏறும்" என்றார் அந்த அம்மா. "பன்னண்டு வயசுலேருந்து, வருஷா வருஷம், எங்க ஊர் ஆடித் திருவிழாவுல. கல்யாணம் ஆனப்ப, படிச்ச மாப்ள, டெல்லி ஆபீசு, இதெல்லாம் வெளிய சொல்லாதேன்னுட்டாங்க. முப்பத்தி ரெண்டு வருஷம் ஆவுது. பம்பை சத்தம் கேட்டா ஜன்னலைச் சாத்திக்குவேன்."

கரஸ்பாண்டென்ட் மனைவியையே பார்த்துக்கொண்டிருந்தார். முதல் தடவையாக ஒரு வார்த்தைக்கு அர்த்தம் தெரியாத டீச்சர் மாதிரி விழித்தார்.

ராணியம்மாள் ஃபைலை இழுத்துத் திறந்தார். என் ஆர்டரை எடுத்தார். பென்சில் புள்ளி எங்கேயும் இல்லை. தானே ஓர் இடம் பார்த்து, ‘செ. ராணியம்மாள்’ என்று நிறுத்தி நிதானமாகக் கையெழுத்துப் போட்டு என் கையில் கொடுத்தார். பிறகு ஃபைலிலிருந்து ஒரு வெள்ளைத் தாளை உருவி அதையும் என்னிடம் நீட்டினார்.

"எனக்கு இங்கிலீஷ் வராது. ஒரு லீவ் லெட்டர் எழுதிக் குடு. நாளைக்கு வெள்ளிக்கிழமை, எங்க ஊர்ல கூழ் ஊத்தறாங்க. காரணம் என்னன்னு உனக்குத்தான் தெரியுமே."

எழுதினேன். ‘ஐ ஷல் பி கிடி டுமாரோ.’ ராணியம்மாள் அதைக் கணவர் முன்னால், டிக்ஷனரி மேலேயே வைத்தார். இருசப்பன் மினிட்ஸ் புத்தகத்தை மெல்ல மூடிவிட்டு மின்விசிறியைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

கரஸ்பாண்டென்ட் லெட்டரைப் படித்தார். பச்சை மை பேனாவைத் திறந்தார், மூடினார், திறந்தார். ‘கிராண்டட்’ என்று எழுதி, தேதி போட்டார். அப்புறம் தலையை நிமிர்த்தாமல், அந்த அறையில் நாங்கள் ஒருநாளும் கேட்டிராத தமிழில், சின்னக் குரலில் கேட்டார்:

"ராணி, நானும் வரட்டுமா?"

ராணியம்மாள் முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு எழுந்தார்.

"லீவ் லெட்டர் குடுத்துட்டு வாங்க" என்றார்.